பெட்டிக்கும் எடை உண்டு

போன மாதம் எங்கள் பழைய ஆபீஸ் வாட்ஸப் குழுவில் ஒரு படம் வந்தது. கம்பெனி விமானத்தின் வால் பக்கம், சக்கரம் வைத்த சின்ன பெல்ட் ஒன்று சாய்வாக நிற்கிறது. அதன் மேல் ஒரு சூட்கேஸ், கல்யாண மாப்பிள்ளை மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்து, தானாக மேலே போய்க்கொண்டிருக்கிறது. கீழே டிராவல் டெஸ்க் பையன்களில் யாரோ கேட்டிருந்தார்கள்: "சம்பத் சார், உங்க காலத்துல பைலட்டே பெட்டி தூக்குவாங்களாமே, நிஜமா?"

'உங்க காலத்துல' என்பது கொஞ்சம் உறுத்தியது. எனக்கு ஐம்பத்து நான்குதான். விருப்ப ஓய்வு வாங்கி ஒன்றரை வருஷம்தான் ஆகிறது. 'ஆமாம்' என்று ஒரே சொல்லில் முடித்திருக்கலாம். எழுத ஆரம்பித்தேன், போன் திரை போதவில்லை. என்னைத் தெரிந்தவர்கள் இதற்கு ஆச்சரியப்பட மாட்டார்கள்.

ஒரகடத்தில் ஒரு ஃபேக்டரி. கார் பம்புகளுக்கு மேல் உறையாக வரும் அலுமினிய வார்ப்புகளைச் செய்கிறது. ஹவுசிங் என்போம். கம்பெனியின் மூன்றாவது கேட் இருக்கும் இடத்தில் எங்கள் குடும்பத்துக் கத்திரித் தோட்டம் இருந்தது. அதில் நான் ஒரு நாள்கூடக் களை எடுத்ததில்லை என்பதால் அதைப் பற்றி எழுத எனக்கு ஒன்றும் இல்லை. நிலம் போன வீட்டுக்கு ஒரு வேலை என்றார்கள். வீட்டில் வேறு எதற்கும் உதவாதவன் என்று என்னை அனுப்பினார்கள்.

அட்மின் பிரிவில் போட்டார்கள். கேன்டீன் டோக்கன், பஸ் பாஸ், யூனிஃபார்ம் என்று பதினாலு வருஷம் போயிற்று. பிறகு டிராவல் டெஸ்க். விருந்தினரை வரவேற்க வேண்டும், பெட்டியை வாங்க வேண்டும், பயணம் எப்படி இருந்தது என்று இங்கிலீஷில் கேட்க வேண்டும், பதிலைக் கேட்டுக்கொள்ளாமல் நடக்க வேண்டும். மிச்ச நேரத்தில் வேனில் உட்கார்ந்து புத்தகம் படிக்கலாம். நான் அந்த வேலைக்காகவே பிறந்தவன்.

அப்போதுதான் எங்கள் முதலாளி எட்டு சீட் ஜெட் ஒன்று வாங்கினார். மற்ற ஊர்களில் இருக்கும் ஃபேக்டரிகளுக்குக் காலையில் போய் மாலையில் திரும்புவதற்காக. ஒரகடத்தில் ஓடுதளம் கிடையாது. விமான வேகத்தில் இங்கே லாரிகள்தான் போகும். அதனால் படப்பை, தாம்பரம் வழியாக வேனில் மீனம்பாக்கம். வேன் ஓட்டியது ஏழுமலை, மாத்தூர்க்காரர், என்னைவிட நாலு வயது மூத்தவர்.

விமானிகளைப் பற்றி நான் புத்தகங்களில் நிறையப் படித்திருந்தேன். எல்லோரும் மேகத்தைப் பார்த்துத் தனிமையைப் பற்றி யோசிப்பார்கள். ஒருவரும் சூட்கேஸ் தூக்கியதாக நினைவில்லை.

முதல் நாள் விமானத்தின் வால் பக்கம் ஒரு பெண் நின்றிருந்தார். ஐந்தடி இருந்தால் அதிகம். வெளுத்துப்போன கட்டம் போட்ட சட்டை, முழங்காலில் ரப்பர் பாயை வெட்டிக் கட்டிய பட்டை. லோடர் என்று நினைத்து, "யம்மா, அந்தக் கறுப்புப் பெட்டி எம்.டி.யோடது, பாத்து வை" என்று சொன்னேன்.

"சரி அண்ணாச்சி" என்று பார்த்துத்தான் வைத்தார்.

பத்து நிமிஷம் கழித்து முதலாளி வந்தபோது, படிக்கட்டின் கீழே அதே பெண், இஸ்திரி கலையாத வெள்ளைச் சட்டையும் தோளில் நாலு பட்டையுமாக நின்று, "வணக்கம் சார்" என்றார். அவர்தான் கேப்டன் ரெஜினா. தூத்துக்குடிக்காரர், அப்பா துறைமுகத்தில் மூட்டை எண்ணி எழுதும் கிளார்க்காக இருந்தவர். நான் விமானத்தின் சக்கரத்துக்குப் பின்னால் மறைய இடம் இருக்கிறதா என்று பார்த்தேன். சின்ன விமானம், சக்கரமும் சின்னது.

அடுத்த தடவை இதற்குப் பரிகாரம் செய்ய முடிவெடுத்தேன். ஒரு ஜெர்மன் விருந்தினரின் பெட்டி, உள்ளே சாம்பிள் இரும்புகள். கேப்டன் கை வைப்பதற்கு முன்பே பாய்ந்து, "விடுங்க மேடம், ஆம்பள நான் இருக்கேன்" என்று இடுப்பை வளைத்துத் தூக்கினேன். பெட்டி பாதி வழி வந்தது. நானும் பாதி வழி வந்தேன். அதற்கு மேல் இருவரும் வரவில்லை.

"அசையாதீங்க அண்ணாச்சி" என்றார் கேப்டன். பெட்டியை என் கையிலிருந்து மெல்ல எடுத்து உள்ளே ஏற்றிவிட்டு, திரும்பி வந்து, அடைப்புக்குறி மாதிரி நின்ற என்னை அப்படியே நடத்திக் கேட் வரை கொண்டுபோய் வேனில் ஏற்றினார். அன்றைக்கு அவர் ஏற்றிய சாமான்களில் எடை போடாதது நான் ஒருவன்தான்.

ஏழுமலை கண்ணாடியில் பார்த்துக் கேட்டார்: "இன்னா சார், பைலட்டு பொட்டிய தூக்கினு போனாங்க, அப்பாலே உன்னியும் தூக்கினு வந்தாங்க. நாம எதுக்கு கீறோம் இங்க?"

எனக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது. மூன்று நாள் குப்புறப் படுத்து யோசித்தேன்.

கேப்டன் பெட்டி ஏற்றும் முறையை எட்டு வருஷம் பார்த்திருக்கிறேன். இன்றைக்கும் கண்ணை மூடினால் வரிசையாக வரும்.

பெரிய விமானங்களுக்கு லோடர்கள் உண்டு, வண்டி உண்டு. சின்ன ஜெட்டில் இரண்டு பைலட்டுகள்தான் எல்லாம். சில ஊர் ஓடுதளங்களில் உதவிக்கு வருவது நாய் மட்டும்தான். மீனம்பாக்கத்தில் ஆள் கிடைக்கும், ஆனாலும் கேப்டன் வேண்டாம் என்பார். "நான் அடுக்காததோட எடை எனக்கு எப்படித் தெரியும்?"

முதலில் எல்லாப் பெட்டிகளையும் வாலுக்குப் பக்கத்தில் ஒரு பாய் விரித்து வரிசையாக வைப்பார்கள். கேப்டன் ஒவ்வொன்றின் கைப்பிடியையும் பிடித்து நாலு விரல் உயரம் தூக்கிக் கீழே வைப்பார். இதற்கு விசாரிப்பது என்று பேர். விசாரித்துவிட்டு, "பதினேழு" என்பார். கோ-பைலட் ஹரீஷ், பாலக்காட்டுக்காரர், ஆறடி இரண்டு அங்குலம், கொக்கித் தராசில் மாட்டிப் படிப்பார். பதினேழு இருக்கும். சில நாள் பதினாறரை. அரை கிலோ தப்பிவிட்டால் கேப்டன் முகம் தேர்வில் மார்க் குறைந்த பிள்ளை மாதிரி ஆகிவிடும். ஏழுமலை கேட்டுக்கு வெளியே நின்றபடி சக டிரைவர்களிடம் இதை வைத்து டீ பந்தயம் கட்டி, ஒருநாளும் தோற்றதில்லை.

பிறகு ஏற்றுவது. சாமான் அறையின் கதவு என் நெஞ்சு உயரத்தில் இருக்கும். உள்ளே நிற்க முடியாது, உட்காரவும் முடியாது. முழங்காலில் ஊர்ந்துதான் போக வேண்டும். மே மாதத்தில் வெயிலில் நின்ற விமானத்தின் வாலுக்குள் என்ன சூடு இருக்கும் என்று தெரிந்துகொள்ள ஒரு தடவை தலையை மட்டும் உள்ளே விட்டேன். மூக்குக்கண்ணாடி ஆவி பிடித்து, வெளியே இழுத்த பிறகும் கொஞ்ச நேரம் உலகம் தெரியவில்லை. ஹரீஷ் உள்ளே போனால் மடக்குக் குடை மாதிரி ஆகிவிடுவார். அதனால் கேப்டன் உள்ளே, ஹரீஷ் வெளியே. அவர் ஒவ்வொரு பெட்டியாக ஏந்திக் கொடுக்க, இவர் வயிற்றோடு அணைத்து வாங்கி, மூச்சை விட்டுக்கொண்டே நகர்த்துவார். ஒரு தடவைகூட இடுப்பைத் திருப்பி நான் பார்த்ததில்லை, முழங்காலோடு முழு உடம்பும் திரும்பும். கனமானது அடியில், விமானத்தின் மூக்குப் பக்கமாக. மேலே வலை போட்டுக் கொக்கி மாட்டி மூன்று தடவை இழுத்துப் பார்ப்பார். ஏன் மூன்று என்று கேட்டேன். "ரெண்டு தடவ எல்லாரும் இழுப்பாங்க" என்றார்.

போன இடத்தில் இதையே தலைகீழாகச் செய்ய வேண்டும். திரும்பும்போது மறுபடி. பன்னிரண்டு பெட்டி, பெட்டிக்கு இருபது கிலோ என்றால், போக வர ஏற்றி இறக்கினால் கிட்டத்தட்ட ஒரு டன் அந்தக் கை வழியாகப் போகிறது. அதன் பிறகுதான் அவருடைய உத்தியோகமே ஆரம்பிக்கிறது. நான் ஒரு டன் தூக்கினால், பிறகு வண்டியில் என்னைத்தான் ஏற்ற வேண்டும், நான் ஓட்ட முடியாது.

இதற்கும் ஒரு முறை வைத்திருந்தார். ஏற்றி முடித்துக் கை கழுவியதும், ஒரு எவர்சில்வர் டம்ளரில் விளிம்பு வரை தண்ணீர் ஊற்றி, வலது உள்ளங்கையில் வைத்துக் கையை நீட்டுவார். தூக்கின கை நடுங்கும், தண்ணீர் ஆடும். ஆட்டம் நிற்கும்வரை பார்த்துக்கொண்டே இருப்பார். நின்றதும் அந்தத் தண்ணீரையே குடித்துவிட்டு வெள்ளைச் சட்டை மாற்றப் போவார். எந்தப் புத்தகத்தில் இருக்கிறது என்று கேட்டதற்கு, "டம்ளர்ல இருக்கு" என்றார்.

ஏறுகிறவர்களுக்கு இதில் எதுவும் தெரியாது. ஏசி அறையிலிருந்து வந்து, படியேறும்போது கையில் மிச்சம் இருக்கும் பையையும் கேப்டனிடம் கொடுத்து, "கேர்ஃபுல், லேப்டாப் இருக்கு" என்பார்கள். கேப்டன் சிரித்துக்கொண்டே வாங்குவார். வாங்கும்போதே நாலு விரல் உயரம் தூக்கி இறக்கும் அந்தக் கையை நான் மட்டும் பார்ப்பேன்.

இனி நான் சொல்ல வந்தது.

எங்களிடம் ஹவுசிங் வாங்கும் ஒரு கார் கம்பெனி, வேறு மாநிலத்தில். நாங்கள் அனுப்பிய ஒரு லாட்டில் வார்ப்பு ஓட்டை இருந்து திருப்பிவிட்டார்கள். அவர்கள் கையில் இருந்த சரக்கு அன்று மாலை வரைதான் தாங்கும். நல்ல ஹவுசிங் நூற்று நாற்பத்து நாலு அதற்குள் போய்ச் சேராவிட்டால் அவர்கள் கார் பூட்டும் லைன் நிற்கும். லைன் நிற்பது என்பது எங்கள் பக்கத்தில் சாவு விழுவதற்கு அடுத்த படி. எங்கள் பிளாண்ட் ஹெட் நரசிம்மன் சார் காலையில் என்னைக் கூப்பிட்டார். நல்ல மனிதர், லைன் ஓடும்வரை.

"சம்பத், எம்.டி. இன்னிக்கி ஊர்ல இல்ல. ஜெட் சும்மா நிக்குது. அதுல போடு. ரெண்டு குவாலிட்டி பசங்களும் கூடப் போறாங்க."

"ஓகே சார்."

பன்னிரண்டு நீலப் பெட்டிகள் வந்தன. பெட்டிக்குப் பன்னிரண்டு ஹவுசிங். லேபிளில் பதினெட்டு கிலோ. நான் எடைச் சீட்டு எழுதினேன். பன்னிரண்டு பதினெட்டு இருநூற்றுப் பதினாறு. கீழே கையெழுத்து. படித்த மனிதனின் கையெழுத்து, கடைசி எழுத்துக்கு ஒரு சுழி உண்டு.

கேப்டன் பாயில் இருந்த முதல் பெட்டியை விசாரித்தார். இரண்டாவதை விசாரித்தார். லேபிளைப் பார்த்தார்.

"அண்ணாச்சி, இது எத்தன கிலோ?"

"பதினெட்டு மேடம். ஒட்டியிருக்கு பாருங்க."

"ஒட்டினதப் படிச்சிட்டேன். கை வேற சொல்லுது."

ஹரீஷ் கொக்கியை மாட்டினார். "ட்வென்டி ஃபோர், மேம்." அடுத்ததும் இருபத்து நாலு. மூன்றாவதும்.

"ஒண்ணு ரெண்டு தப்பா இருந்தா கை தவறிடிச்சுன்னு சொல்லலாம்" என்றார் கேப்டன். "எல்லாமே ஒரே மாதிரித் தப்பா இருந்தா அது உங்க பழக்கம். என்ன பழக்கம் அண்ணாச்சி?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. எங்கள் ஃபேக்டரியில் அந்த நீலப் பெட்டிக்கு எடை கிடையாது. லாரியில் நிறைந்து போகும், காலியாகத் திரும்பி வரும், மறுபடி போகும். வாடிக்கையாளரிடம் தங்குவது உள்ளே இருக்கும் சரக்கு மட்டும்தான், அதனால் லேபிளில் அதை மட்டும் எழுதுவோம். வந்து போகிற விருந்தாளியின் பேரை ரேஷன் கார்டில் சேர்ப்பதில்லை, அது மாதிரி. ஃபேக்டரியில் யாரைக் கேட்டாலும் பதினெட்டு என்பார்கள். பெட்டி, உள்ளே இரும்புத் தட்டு, ஃபோம் எல்லாம் சேர்ந்து ஆறு கிலோ என்பதை அதைத் தினமும் தூக்குகிற ஆயிரம் பேரும் அறிவார்கள். எழுதியதில்லை. நானும் எழுதவில்லை.

சொன்னேன். கேப்டன் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

"ஆறு பன்னெண்டு எழுவத்திரண்டு. ஒரு முழு ஆளு, பாத்துக்கிடுங்க. பேரு எழுதாம என் வால்ல ஒளிஞ்சு உக்காந்து வாற ஆளு. வால் கனத்தா மூக்கு தூக்கும். நான் அத அமுக்கிப் பிடிச்சிட்டே போவணும். ஒரு அளவுக்கு மேல அமுக்கினாலும் கேக்காது." பிறகு, வேறு ஏதோ விஷயம் போல, "நாங்க நாலு பேரும் உங்க கையெழுத்த நம்பித்தான் ஏறுதோம் அண்ணாச்சி" என்றார்.

அன்றைக்குப் பின்னறைக்கு அவர் கணக்குப் போட்டு வைத்திருந்த வரம்பு இருநூற்று நாற்பது கிலோ. பெட்டிகளோ இருநூற்று எண்பத்தெட்டு. "பத்துப் பெட்டி கொண்டு போறேன், ரெண்ட விட்டிருங்க" என்றார். இரண்டை விட்டால் இருபத்து நாலு ஹவுசிங் குறையும், ஷிஃப்ட் முடிவதற்கு முன் அங்கே லைன் நிற்கும். கேபினில் வைக்கலாமா என்றால், கட்டிப்போட இடமில்லாத இரும்பை மனிதர்களோடு வைக்கக் கூடாது என்றார்.

போன் அடித்தது. நரசிம்மன் சார்.

"என்னப்பா, இன்னும் கிளம்பலயா?"

"எடை கொஞ்சம் கூடுது சார். ரெண்டு பெட்டி விடச் சொல்றாங்க."

"சீட்டுல நீ கையெழுத்துப் போட்டாச்சுல்ல?"

"போட்டேன் சார்."

"சீட்டு சரியா இருந்தா அவங்க கிளம்பித்தான் ஆகணும்."

"சீட்டு தப்பு சார்."

"யாரு எழுதினது?"

"நான்தான் சார்."

"அப்ப நீயே சரின்னு சொல்லு. அவங்க தராசு கோளாறுன்னு சொல்லு. இத்தன வருஷமா அந்தப் பெட்டி பதினெட்டுதானேப்பா. லைன் நின்னா உன் பேருதான் மேல போகும், புரியுதா?"

புரிந்தது. என் பையன் அப்போது சிங்கப்பெருமாள் கோவிலில் ரயில் ஏறி காலேஜுக்குப் போய்க்கொண்டிருந்தான், முதல் வருஷம். அவனைப் படிக்க வைப்பது இந்த டிராவல் டெஸ்க் நாற்காலிதான். கேப்டனைப் பார்த்தேன். அவர் என் பக்கமே பார்க்கவில்லை. என் பேச்சைக் கேட்கக் கூடாது என்பதற்காகவே கொஞ்சம் தள்ளிப்போய்க் கொக்கித் தராசைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஹரீஷின் கையில் என் சீட்டு இருந்தது, சுழி தெரிந்தது.

"பெட்டிக்கும் எடை உண்டு சார்" என்றேன்.

அவர் ஒன்றைச் செய்யச் சொன்னால் 'ஓகே சார்' என்பதைத் தவிர வேறு பதில் நான் சொன்னதில்லை. அவர் அதை ஜீரணிப்பதற்குள் போனை வைத்துவிட்டேன். வீரம் ஒன்றுமில்லை, இன்னொரு வாக்கியம் என்னிடம் இல்லை. ஹரீஷிடமிருந்து சீட்டை வாங்கிக் குறுக்கே ஒரு கோடு இழுத்தேன். கோடு நேராக வரவில்லை.

அப்போதுதான் என் வாழ்க்கையின் ஒரே தொழில்நுட்ப யோசனை வந்தது. "மேடம், பெட்டிய இங்கயே விட்டுட்டு, சரக்க மட்டும் எடுத்துக்கிட்டா?"

"அலுமினியம் ஒண்ணோட ஒண்ணு இடிச்சாக் கீறாதா? அங்கன போயி மறுபடி ரிஜெக்ட் ஆவும்லா?"

"வேன்ல யூனிஃபார்ம் சட்டை இருக்கு மேடம். புதுசு. ஒவ்வொண்ணையும் சட்டையில சுத்தி, ஆண்டு விழாவுக்கு வாங்கின டிராவல் பேக்ல போட்டுடலாம். அதுவும் வேன்லதான் இருக்கு." அட்மின்காரன் வேனில் எது இருக்காது என்பதுதான் கேள்வி.

கேப்டன் கொஞ்சம் யோசித்தார். முதல் தடவையாக என்னை மரியாதையாகப் பார்த்தார் என்று நினைத்தேன். "சட்டைக்கும் எடை உண்டு அண்ணாச்சி" என்றார்.

ஒரு சட்டையைக் கொண்டுவரச் சொல்லித் தராசில் தொங்கவிட்டார். கால் கிலோ. ஒரு ஹவுசிங்குக்கு ஒரு சட்டை என்றால் முப்பத்தாறு கிலோ ஏறும், தாங்காது. இரண்டுக்கு ஒரு சட்டை, நடுவில் துணி வருகிற மாதிரி சுற்றினால் பதினெட்டு, கால் கிலோப் பைகள் பன்னிரண்டையும் சேர்த்தால் வரம்புக்குள் நிற்கும். "செய்யுங்க" என்றார்.

பெட்டிகள் அத்தனையும் மறுபடி டிராலியில் ஏறி, கேட்டுக்கு வெளியே வேன் நிற்கும் ஷெட்டுக்கு வந்தன. கேப்டன், ஹரீஷ், இரண்டு குவாலிட்டி ஆட்கள், ஏழுமலை, நான், ஆறு பேர் தரையில் உட்கார்ந்து சுற்றினோம். எல்லாம் எக்ஸ்.எல். சைஸ். கை இரண்டையும் முன்னால் கொண்டுவந்து முடிச்சுப் போட்டால் ஹவுசிங் உள்ளே பதவிசாகத் தூங்கும்.

ஏழுமலை ஒன்றைக் கையில் ஏந்திப் பார்த்தார். "இன்னா சார், பிரசவ வார்டு மாதிரி கீது. ரெட்டப் புள்ளையா சுத்திகினு கீறோம்."

"அழுதாச் சொல்லுங்க" என்றார் கேப்டன், தலை நிமிராமல்.

எழுபத்திரண்டு சட்டை. பன்னிரண்டு பை. பாதுகாப்புக்காரர்கள் மறுபடி எக்ஸ்ரேயில் விட்டார்கள். திரையைப் பார்த்தவர் சட்டைக்குள் அலுமினியம், அலுமினியத்துக்குள் வெற்றிடம் என்று பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். விளக்க நேரமில்லை. பாயில் மறுபடி வரிசை. கேப்டன் விசாரித்தார். "பத்தொம்பதே முக்கால்." ஹரீஷ் மாட்டினார். பத்தொன்பதே முக்கால். பன்னிரண்டும் அதே. மொத்தம் இருநூற்று முப்பத்தேழு. புதுச் சீட்டு எழுதினேன். கையெழுத்தில் சுழி போடவில்லை.

பிறகு அவர் அந்த வால் அடுப்புக்குள் ஊர்ந்து போனார். உச்சி வெயில். ஒவ்வொரு பையாக உள்ளே போகிற சத்தம் மட்டும் கேட்டது, மூச்சு விடுகிற சத்தமும். ஏழாவது பைக்கு அப்புறம் கொஞ்சம் இடைவெளி. ஹரீஷ் குனிந்து, "மேம்?" என்றார். "அடுத்தது" என்று பதில் வந்தது. வலையை இழுக்கும் சத்தத்தை எண்ணினேன். மூன்று.

வெளியே வந்தபோது கட்டச் சட்டை பிழிந்த துணி மாதிரி உடம்போடு ஒட்டியிருந்தது. கை கழுவினார். டம்ளரில் தண்ணீர் ஊற்றி உள்ளங்கையில் வைத்தார். தண்ணீர் ஆடி, விளிம்பு தாண்டி விரலில் வழிந்தது. அப்படி நான் பார்த்ததில்லை.

"ஆடுது அண்ணாச்சி" என்றார், குற்றம் யார் மேலும் இல்லாத குரலில். மறுபடி நிரப்பினார்.

என் போன் அடித்தது. எடுக்கவா வேண்டாமா என்று கேப்டனைப் பார்த்தேன்.

"எடுங்க. பைலட்டு தண்ணியப் பாத்துக்கிட்டு இருக்காங்கன்னு சொல்லுங்க."

சொன்னேன். நரசிம்மன் சார், "என்னது?" என்றார். மறுபடி அதையே சொன்னேன். தன் பிளாண்டில் இத்தனை வருஷமாக ஒரு பைத்தியக்காரனை வைத்திருந்தது அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது போலிருக்கிறது. போனை அவரே வைத்துவிட்டார்.

ஹரீஷ் டவரிடம் கேட்டுக் கிளம்பும் நேரத்தைத் தள்ளிவைத்தார். குவாலிட்டி ஆட்கள் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்கள். அங்கே லைன் ஓடிக்கொண்டிருந்தது. இங்கே ஒரு பெண் டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் தண்ணீரையே பார்த்தேன். வளையம் வளையமாக வந்த நடுக்கம் விளிம்புக்குப் போய்ச் சின்னதாயிற்று. பிறகு ஒன்றும் வரவில்லை. தண்ணீரில் விமானத்தின் இறக்கை தெரிந்தது.

குடித்தார். சட்டை மாற்றினார். போனார்.

சரக்கு போய்ச் சேர்வதற்குள் அங்கே லைன் பதினொரு நிமிஷம் நின்றது. எனக்கு விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. நாலு பக்கம் எழுதினேன். எச்.ஆர். ஒரு வரியாகச் சுருக்கச் சொன்னார்கள். 'பெட்டியின் எடை சேர்க்கப்படவில்லை.' என் எழுத்தில் அதைவிடச் சிறந்த வரி இதுவரை வரவில்லை. கேப்டனும் தன் அறிக்கையைக் கொடுத்திருந்தார். அதில் என்னைப் பற்றி ஒரே வாக்கியம்: எடைச் சீட்டு எழுதியவர் தவறைத் தானே ஒப்புக்கொண்டு, புறப்படுவதற்கு முன் திருத்தினார். அந்த வாக்கியத்தின் மேல் உட்கார்ந்துதான் அடுத்த ஆறு வருஷம் நான் அந்த நாற்காலியில் இருந்தேன். நரசிம்மன் சார் ஒரு மாதம் பேசவில்லை. பிறகு ஒருநாள் கேன்டீனில் என் எதிரில் தட்டோடு உட்கார்ந்து, "ஆறு கிலோவா அது?" என்று கேட்டுவிட்டுச் சாப்பிட்டார்.

சட்டைகள் திரும்பி வரவே இல்லை. அந்தக் கார் கம்பெனி கோடவுனில் எங்கள் நீலச் சட்டை போட்டுக்கொண்டு பலர் வேலை செய்வதாகப் பின்னால் போனவர்கள் சொன்னார்கள். எக்ஸ்.எல். அவர்களுக்குச் சரியாக இருந்ததாம்.

இப்போது சுங்குவார்சத்திரத்தில் இருக்கிறேன். காலையில் டீ குடிக்க நிற்கும்போது, எங்கள் கம்பெனி லாரிகள் சிக்னலில் நிற்கும். நீலப் பெட்டிகளின் லேபிளில் இப்போது இரண்டு வரி. முதல் வரியில் சரக்கு பதினெட்டு. கீழே, பெட்டியோடு இருபத்து நாலு. இருபத்திரண்டு வருஷ உத்தியோகத்தில் உலகத்துக்கு நான் சேர்த்தது அந்த ஆறு கிலோ. கண்டுபிடித்தது நான் இல்லை என்பது வேறு விஷயம்.

வீட்டில் காய்கறிப் பையை நாலு விரல் தூக்கி, "அஞ்சு கிலோ" என்பேன். மனைவி தராசில் வைத்து, "மூணே கால்" என்பாள். என் கைக்கு அந்தப் படிப்பு ஏறவில்லை.

வாட்ஸப் படத்துக்கு வருகிறேன். பெல்ட் வந்தது ரொம்ப நல்லது. எனக்குப் பத்து வருஷத்துக்கு முன்பே வந்திருந்தால் இன்னும் நல்லது, என் முதுகும் வாழ்த்துச் சொல்லியிருக்கும். ஆனால் ஒரு கவலை இருந்தது. பெல்ட் பெட்டியைத் தூக்கும், விசாரிக்காது. அதைத்தான் பதிலில் எழுதிக்கொண்டிருந்தேன், கொஞ்சம் நீளமாக, கொஞ்சம் சலிப்பாக. அனுப்புவதற்கு முன் படத்தை விரலால் பெரிதாக்கிப் பார்த்தேன்.

மேலே போகிற சூட்கேஸைத்தான் எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். கீழே, படத்தின் ஓரத்தில், பெல்ட்டுக்குக் காத்திருக்கும் அடுத்த பெட்டி இருக்கிறது. அதன் கைப்பிடியில் ஒரு கை. ஆள் தெரியவில்லை, முழங்கை வரைதான். கட்டம் போட்ட சட்டை, இது புதுசு. பெட்டியின் அடியில், தரைக்கும் அதற்கும் நடுவே வெயில் ஒரு கோடாகத் தெரிகிறது. நாலு விரல் இருக்கும்.

எழுதியதையெல்லாம் அழித்துவிட்டு, குழுவில் 'ஆமாம்' என்று மட்டும் போட்டேன்.